அப்பாவுக்குப் புது வீடு தெரியாது

புரட்டாசி முடியக்கூட இல்லை, அதற்குள் நாத்தனார் திருநெல்வேலியிலிருந்து போன் செய்துவிட்டார். என் கணவரின் அக்கா. குசலம் கிசலம் ஒன்றும் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே விஷயம்.

"ஏட்டி, இந்த வருசம் நமக்குத் தீவாளி கெடையாது, பாத்துக்கோ. எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறக் கூடாது. பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துராத. வருசம் திரும்பட்டும்."

"தெரியும் மதினி."

"தெரியும்னுதான் சொல்லுவ. கல்கத்தாக்காரன் வெடி போடுதான்னு பிள்ளை கையில மத்தாப்பக் குடுத்துராத."

எனக்குச் சுருக்கென்றது. புருஷனைப் பறிகொடுத்து ஏழு மாதம் ஆகிறது, நான் மத்தாப்புக் கொளுத்திக் கும்மாளம் போடப் போகிறேனாக்கும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. செத்தவர் எனக்குப் புருஷன் என்றால் அவருக்குத் தம்பி. "சரி மதினி" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்கு நிறையச் சட்டங்கள் உண்டு. அதில் இரண்டு எனக்குப் பெரிய கொடுமையாகப் பட்டன. வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. கிளம்புகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. வந்தால் பேசாமல் வந்து உட்கார வேண்டும், போனால் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தோடு அதெல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு முடியவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டினேன். "வாங்க" என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அவர் இறந்தது பங்குனியில். கல்கத்தா துறைமுகம் பக்கம் கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ், தரைத்தளம். ஆபீசுக்குக் கிளம்பி, வாசல்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் உள்ளே குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். மகள்தான் முதலில் பார்த்தாள். நான்காம் வகுப்பு. "அம்மா, அப்பா தூங்கறாங்க" என்று வந்து சொன்னாள்.

அந்த வீட்டில் இன்னும் சில மாதம் இருந்திருக்கலாம், யாரும் காலி செய் என்று விரட்டவில்லை. நான்தான் ஓடி வந்தேன். காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அவர் தினமும் மாலை ஆறே முக்காலுக்கு வருவார். இரும்புக் கேட்டின் கொண்டி 'டங்' என்று விழும், அப்புறம் படியில் ஷூவை இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் போன பிறகும் எனக்கு அது கேட்டது. தினமும், அதே நேரம். டங். தட், தட். கதவைத் திறந்தால் கேட் பூட்டியபடி இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரண்டது கண் இல்லையே, காதல்லவா. ஆறு மணியானால் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குப் பயந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆனி மாதம் ஊரின் இன்னொரு பக்கம், டாலிகஞ்சில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அங்கிருந்து பத்து நிமிட நடை, அதுவே எல்லோருக்கும் சொல்ல நல்ல சாக்காகப் போயிற்று. சாமானெல்லாம் வண்டியில் ஏறின பிறகு, மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லிக்கக் கூடாதுடி. திரும்பிப் பாக்காம வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டாள். அழவில்லை. அவர் போன அன்றைக்கும் அவள் அழவில்லை. எல்லோரும் என்ன கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள்.

புது வீட்டில் வேறு ஒரு வம்பு இருந்தது. இரண்டாவது மாடி, பழைய கட்டடம், சுவரில் ஈரம். ஈரம் ஏறினால் அழைப்புமணி தானாகவே அடிக்கும். மழையென்று இல்லை, பனி விழுந்தாலும் போதும். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, சுவரை உடைத்து ஒயரை மாற்ற வேண்டும், குளிர்காலம் வரட்டும் என்று போய்விட்டான். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து போக மாட்டேன். "சனியனே, வாயை மூடு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவேன். ஒருநாள் நிஜமாகவே பால்காரர் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாத்தனாரின் போன் வந்த அன்று ராத்திரி, சோற்றைப் பிசைந்துகொண்டே மகள் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஹாலோவீன் நம்ம பண்டிகையா?"

"இல்ல."

"பஞ்சாங்கத்துல போட்டிருக்கா?"

"அது வெள்ளைக்காரன் பண்டிகைடி. பஞ்சாங்கத்துல எப்படி இருக்கும்?"

"அப்போ அத்தை வேண்டாம்னு சொன்னதுல அது வராதில்ல?"

ஆபீஸ் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மனுஷன் பெற்ற பிள்ளை, வேறு எப்படிப் பேசும்? எந்த விதியில் எந்த ஓட்டை என்று அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கல்கத்தாவில் ஹாலோவீன் என்பது பெரிய மால்களில் வாசலில் வைக்கிற பிளாஸ்டிக் பூசணிக்காய், அவ்வளவுதான். எங்கள் சந்தில் அதை ஒருவரும் சீண்டியதில்லை. எதற்கடி அது என்று கேட்டேன்.

"அன்னிக்குச் செத்தவங்க வருவாங்களாம். மிஸ் சொன்னாங்க." சோற்று உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டாள். "அப்பாவுக்கு இந்த வீடு தெரியாதும்மா. நாம சொல்லாம வந்துட்டோம். அங்கயே போய்த் தேடிட்டு இருப்பாங்க."

நான் எதற்கு அஞ்சி ஓடி வந்தேனோ அதை இவள் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் அவள் ஒன்றுமே கேட்டதில்லை, ஒரு சாக்லேட் கூட. "சரி, செஞ்சுக்கோ. வெளியில எதுவும் வாங்க மாட்டேன். வீட்ல இருக்கறதை வெச்சுப் பண்ணு" என்றேன்.

இரண்டு வாரம் வீடு முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம்தான். முதலில் கறுப்பு வௌவால்கள் வந்தன, சன்னல் கம்பி முழுக்க. நல்ல துணியாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்த்தேன், குடைத் துணி. அவருடைய குடை. கம்பி ஒடிந்தும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. அடுத்த நாள் பால்கனி மூலையில் பெரிய சிலந்தி வலை. நூல் நூலாக முடிச்சுப் போட்டிருந்தாள், நுனிகளில் சின்னச் சின்னத் தகரம் மின்னியது. அது ஆபீஸ் கோப்புகளைக் கட்டுகிற டேக். வீட்டு ரசீதுகளைக் கூட அவர் டேக் போட்டுத்தான் கட்டி வைப்பார், ஒரு கட்டு அலமாரியில் கிடந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கையில் அகப்பட்டதை எடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். பால்கனியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அதே உயரம். அதே நான்கு முழ வேட்டி, கரையோடு. தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்து, காற்றில் மெல்ல அசைந்தபடி. என் கையிலிருந்த விடைத்தாள் கட்டு விழுந்தது எனக்கே தெரியவில்லை. அப்புறம்தான் செய்தித்தாளைச் சுருட்டி வேட்டிக்குள் திணித்துக் கட்டிய தலையும், கொடிக் கம்பியில் போட்ட முடிச்சும் கண்ணில் பட்டன. இவள் நாற்காலி மேல் நின்று, "அப்பா உயரம் சரியா இருக்கா?" என்றாள்.

பளார் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவளை நான் அடித்ததே இல்லை. "அப்பா வேட்டிய யாருடி எடுக்கச் சொன்னது? அவங்க துணிப் பொட்டியத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. "வேற எதை வெச்சாலும் அவங்களுக்கு அடையாளம் தெரியாதே. குடை, டேக், வேட்டி எல்லாம் பாத்தாத்தானே நம்ம வீடுன்னு தெரியும்?"

நான் தரையில் உட்கார்ந்து விடைத்தாள்களைப் பொறுக்கினேன். பொறுக்கி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லை.

கீழ்வீட்டுக் காக்கிமா, வீட்டுக்காரரின் மனைவி, தங்கமான மனுஷி. சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி இங்கே எல்லோரும் காக்கிமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காளி பூஜைக்கு, அதாவது இந்த ஊர்த் தீபாவளிக்கு, முதல் நாள் ஏற்றப்போகிற அகல் விளக்குகளைத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தபோது மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் படியிறங்கி வரும்போது வங்காளியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தமிழைவிட அது நன்றாக வரும்.

அந்த முதல் நாள்தான் பூத் சதுர்தசி, பேய்களின் சதுர்த்தசி என்றார் காக்கிமா. பதினாலு தலைமுறை முன்னோர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், அவர்களுக்கு வழி தெரியப் பதினாலு விளக்கு. பதினாலு வகைக் கீரையைச் சேர்த்து வதக்கிச் சாப்பிட வேண்டும்.

"புதுசா செத்தவங்களும் வருவாங்களா?" என்று கேட்டாள் இவள்.

காக்கிமா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டு, "அவங்கதான் முதல்ல வருவாங்க, ஷோனா" என்றார். செல்லமே என்று அர்த்தம்.

அவ்வளவுதான். மாடிக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த வருஷம் ஹாலோவீனும் காளி பூஜையும் ஒரே நாளில் வந்திருந்தன. காளி பூஜையன்று வெடிச் சத்தம் காதைப் பிளக்கும், அப்பாவுக்கு வெடி பிடிக்காது. அதனால் ஹாலோவீனை ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்தாயிற்று, பூத் சதுர்தசி சாயங்காலத்துக்கு. இந்த ஊர்ப் பேய்களுக்கு அதுதான் நாளாம். "அப்பா கல்கத்தாலதானே செத்தாங்க" என்றாள்.

பாக்கி இருந்தது பூசணிக்காய். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பேய்க்குப் பிள்ளையும் பெற்றவள் நான், பூசணிக்காய் வாங்கப் போனேன். மார்க்கெட்டில் அதைக் கீற்றுப் போட்டுத்தான் விற்பார்கள். முழுசாகக் கேட்டதும் கடைக்காரர், வீட்டில் கல்யாணமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கத்தியை அவள் கையில் கொடுக்கப் பயம், நானே வெட்டினேன். மேலே மூடி மாதிரி அறுத்து, குடலை வழித்து எடுத்து, மொபைலில் அவள் காட்டிய படத்தைப் பார்த்துக் கண்ணும் வாயும் குடைந்தேன். அந்த முக்கோணக் கண் எனக்கு வரவே இல்லை. கை தானாக ஒரு வழியில் போயிற்று. பிதுங்கும் முட்டைக்கண், காது வரைக்கும் வாய், கோரைப் பல். ஸ்கெட்ச் பேனாவால் முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, யோசிக்கவில்லை. மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஃபாட்டாஃபாட்டி!" என்று குதித்தாள். இங்கே பிள்ளைகள் பிரமாதம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். பல மாதம் கழித்து அவள் குதித்துப் பார்த்தேன்.

அன்று ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கார்த்திகை பிறக்கப் போகிற பருவம், இந்த ஊரில் சூரியன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். காக்கிமா படிக்கட்டு ஓரமாக விளக்கு வைத்துக்கொண்டே வந்து, எங்கள் வாசலிலும் ஒன்றை வைத்து, ஒரு கிண்ணம் கீரை வதக்கலும் கொடுத்துவிட்டுப் போனார். பூசணிக்காயை ஸ்டூலில் வைத்து, படிக்கட்டைப் பார்க்கிற மாதிரி வாசலில் வைத்தோம். உள்ளே மெழுகுவத்தி. கண்ணும் வாயும் எரிந்தன. பால்கனியில் வேட்டி அசைந்தது, வௌவால்கள் அசைந்தன. மகள் தலை சீவி, பொட்டு வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆறே முக்கால் ஆகட்டும் என்றாள். டிவி வைக்கட்டுமா என்று கேட்டேன், முறைத்தாள்.

ஐந்தரைக்கு நாத்தனார் வீடியோ காலில் வந்தார். விடிந்தால் ஊரில் தீபாவளி, தம்பி நினைப்பு வந்திருக்கும். நான் எடுப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு, "அத்தை, இங்க பாருங்க" என்று வாசலுக்குப் போய்விட்டாள். போச்சு, இன்றைக்கு எனக்கு மண்டகப்படிதான் என்று பின்னால் ஓடினேன்.

நாத்தனார் திட்டவில்லை. திரையில் அவர் முகம் மலர்ந்தது, என்னைத்தான் பாராட்டினார்.

"இதாம்ட்டி சரி! உனக்குப் புத்தி இருக்கு. சாவு விழுந்த குடும்பம், புது வீடு, திருஷ்டிப் பூசணி வச்சியே, ரொம்ப நல்லது. மூஞ்சியும் அச்சு அசல் நம்மூரு மாதிரியே போட்டிருக்க."

அப்போதுதான் அந்த மூஞ்சி யாரென்று எனக்குத் தெரிந்தது. ஊரில் வீடு கட்டும்போது முகப்பில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே திருஷ்டிப் பூதம். கண்ணேறும் பேயும் பிசாசும் உள்ளே நுழையக் கூடாதென்று வைக்கிற மூஞ்சி. எங்கள் அப்பா வீடு கட்டிய ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போனேன். என் கைக்குத் தெரிந்த ஒரே பேய் முகம் அது.

"இது எதுக்கு அத்தை?" என்றாள் மகள்.

"காத்து கருப்பு அண்டாம இருக்கத்தாம்ட்டி."

"பேய் வராதா?"

"வாசப்படி தாண்டாது."

"யாருமே வர முடியாதா?"

"ஒரு ஆவி வர முடியாது. நீ பயப்படாம தூங்கு, என் ராசாத்தி."

போனை என் கையில் கொடுத்தாள். மெல்லத்தான் கொடுத்தாள். அப்புறம் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், கனம் தாங்கவில்லை. ஸ்டூலோடு தள்ளி, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். திருப்பின வேகத்தில் உள்ளே மெழுகுவத்தி அணைந்தது. அந்த இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் அது அவள் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏழு மாத அழுகை.

"வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க! இதைப் பாத்துப் போயிட்டாங்க! நீதான் இப்படி வரைஞ்சே!"

நாத்தனார் போனில் "என்னட்டி, என்ன ஆச்சு" என்று பதறினார். நான் போனை அணைத்துவிட்டு அவளைப் பிடித்தேன். திமிறினாள், கடித்தாள்.

"அப்பா இங்க வரவே இல்லடி. அவங்களுக்கு இந்த வீடு தெரியாது."

"நீதான் சொல்ல விடல!"

"ஆமா."

"கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தே!"

"ஆமாடி, நான்தான். எனக்குப் பயமா இருந்துச்சு. தப்புப் பண்ணிட்டேன்." இதை ஒரு பெரிய மனுஷரிடம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. "செருப்பைப் போடு."

டாக்சி பிடித்தோம். தாராதலா தாண்டிய பிறகு துறைமுக லாரிகள் வரிசையாக நின்றன, வண்டி ஊர்ந்தது. மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, வீட்டுக்கு வீடு விளக்கை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாலு, பதினாலு, ஒரு வீட்டில் பதிமூன்று. ஒரு விளக்கு காற்றில் அணைந்திருக்க வேண்டும். நான் வாட்சைப் பார்த்தேன். ஆறு முப்பத்தைந்து. வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம் வந்துவிட்டது. கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுற்றுச்சுவரில் அகல் விளக்குகள். மகள் யாரையும் கேட்கவில்லை, கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் தள்ளி, உள்ளே போய்க் கொண்டியை விழ விட்டாள். டங்.

பெயின்ட் மாறினாலும் சத்தம் மாறவில்லை. நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

கதவு திறந்தது. என் வயசுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தை. யாரைத் தேடுகிறீர்கள் என்று வங்காளியில் கேட்டாள். மகள்தான் சொன்னாள். நாங்கள் முன்னால் இங்கே இருந்தோம், ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லு என்றாள் அந்தப் பெண். இவள் அவளிடம் சொல்லவில்லை. படியைப் பார்த்துக் குனிந்து, தமிழில் ஆரம்பித்தாள்.

"அப்பா, நாங்க இப்ப இங்க இல்ல. டாலிகஞ்ச்ல இருக்கோம். மெட்ரோல இறங்கி ஆட்டோ ஸ்டாண்டு பக்கமா வாங்க. மீன்கடைக்கு அடுத்த சந்து. மஞ்ச வீடு, ரெண்டாவது மாடி. லிஃப்ட் இல்ல, மூச்சு வாங்கும், மெதுவா ஏறி வாங்க. பால்கனில உங்க வேட்டி இருக்கும். பூசணிக்காய் உங்களுக்கு வெச்சது இல்ல. அம்மாவுக்கு அந்த ஒரு மூஞ்சிதான் போடத் தெரியும். அதைத் திருப்பி வெச்சுட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லாம போனது தப்புதான். அம்மாவுக்குப் பயமாம். இப்போ போயிட்டு வரோம்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. யாரிடம் பேசினாய் என்று கேட்டாள். "பாபா" என்றாள் மகள், அப்பா என்பதை வங்காளியில். அந்தப் பெண் படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள். குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு, படியை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள். யாரோ இறங்கி வர வழி விடுகிற மாதிரி.

"நீயும் சொல்லும்மா" என்றாள் மகள் கேட்டுக்கு வந்து. நான் தலையை ஆட்டினேன். 'போயிட்டு வரேன்' என்பது வாயில் வரவில்லை. கொண்டியை நான்தான் போட்டேன், சத்தம் வராமல், மெல்ல.

வீட்டுக்குத் திரும்பும்போது எட்டு மணி. படிக்கட்டு விளக்குகளில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி. சோறு வடித்து, காக்கிமா கொடுத்த கீரையைப் போட்டுச் சாப்பிட்டோம். கசந்தது. மகள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வெளியே பனி இறங்கியிருந்தது, பால்கனி கம்பியெல்லாம் ஈரம்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

ஒயர் ஈரம்தான். எனக்குத் தெரியும். எலெக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறான். வழக்கமாக நான் கத்துகிற நேரம் அது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மறுபடியும் அடித்தது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை முழுசாகத் திறந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. கடைசி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கீழே வரைக்கும் இருட்டு.

"வாங்க" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, படிக்கட்டில் எதிரொலித்தது. கதவை விட்டு ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் மகள் எழுந்து போய், நாற்காலியில் கிடந்த தன் ஸ்கூல் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.